பால் மாவும் பாட்டில் மூடியும்

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில், ஏழைக் குடியிருப்புகளில் 1986-87இல் ஓர் ஆய்வு தொடங்கியது. மருத்துவர் சாலி கிரந்தம்-மெக்ரெகரும் அவர் குழுவினரும் வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாருக்கும் ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள். போதிய ஊட்டமில்லாமல் உடல் குன்றிய பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும் பின்தங்குவார்கள் என்பது தெரிந்த செய்திதான். அதை ஈடுகட்ட உணவு மட்டும் போதுமா என்பதே கேள்வி.

ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால் மாவு. இன்னொரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேர விளையாட்டு. மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். நான்காவதற்கு இரண்டும் இல்லை. இப்படியே இரண்டு ஆண்டுகள்.

விளையாட்டுக்கு வந்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர். உள்ளூர் சுகாதாரப் பணியாளர்கள். காலி பிளாஸ்டிக் பாட்டில், மூடி, அட்டைப்பெட்டி இவற்றில் செய்த சாமான்களும் படப் புத்தகமும் கொண்டுவருவார்கள். அவர்கள் கவனம் குழந்தையைவிடத் தாயின் மேல்தான். எப்படிக் கேட்பது, குழந்தை சுட்டிக்காட்டுவதற்கு எப்படிப் பெயர் சொல்வது, சரியாகச் செய்தால் எப்படிப் பாராட்டுவது என்று செய்து காட்டுவார்கள். சாமான்களை வீட்டிலேயே விட்டுப் போய், அடுத்த வாரம் வேறு தருவார்கள். மீதி நாட்களில் விளையாடுவது தாயின் பொறுப்பு. ஆய்வின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது என்பேன்.

இரண்டு ஆண்டு முடிவில் பாலும் பலன் தந்தது, விளையாட்டும் தந்தது; இரண்டும் பெற்றவர்கள் நன்கு வளர்ந்த பிள்ளைகளை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டார்கள். ஆனால் பள்ளி வயதில் பாலின் பலன் கரைந்துவிட்டது. விளையாட்டின் பலன் கரையவில்லை. 22 வயதில் தேடிப் பிடித்துப் பரிசோதித்தபோது, விளையாடிய பிரிவினரின் அறிவுத்திறன் மதிப்பெண் கூடுதல், வன்முறையில் இறங்குவது குறைவு. சம்பாத்தியமும் சுமார் 25 சதவீதம் அதிகம் என்று 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது.

சிறிய ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. 129 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் இதே முறையை ஒடிசாவின் கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளில் முயன்றபோதும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. குழந்தையோடு பேசுவது ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு தடயமும் உண்டு: நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. வீட்டில் பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசுவது எவ்வளவு அதிகமோ, கதை கேட்கும்போது மூளையின் மொழிப் பகுதி அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததாம். பெற்றோரின் வருமானமோ, குழந்தையின் காதில் விழுந்த சொற்களின் மொத்த எண்ணிக்கையோ இதை விளக்கப் போதவில்லை. நாள் முழுக்கத் தொலைக்காட்சியை ஓடவிடும் வீடுகள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

நம் அங்கன்வாடிகள் நெடுங்காலமாக எடை பார்ப்பதிலும் சத்துமாவு தருவதிலும் கண்ணாக இருந்தன. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு பேசி விளையாடுவதற்கென்றே ‘நவசேதனா’ என்ற வழிகாட்டியை மத்திய அரசு 2024இல் வெளியிட்டிருக்கிறது. வீடு தேடிப் போய்த் தாயோடு உட்கார வேண்டியவர் அங்கன்வாடிப் பணியாளர். தடுப்பூசி, கணக்கெடுப்பு, செல்போன் செயலியில் பதிவு என்று ஏற்கெனவே அவர் தலையில் இருக்கும் வேலைகளில் எதைக் குறைத்து அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்கப்போகிறோம் என்பதை யாராவது முடிவுசெய்தாக வேண்டும்.