நுண்வேரும் வேர்ப்பூசணமும்: காட்டுக் கணக்கில் விடுபட்ட பகுதி

காட்டின் வளர்ச்சியை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அடிமரத்தையே அளக்கின்றனர். பெங்களூருவிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தினர் 1988ஆம் ஆண்டில் முதுமலைக் காட்டில் 50 ஹெக்டேர் நிலத்தைத் தேர்ந்து, மார்பளவு உயரத்தில் 1 செ.மீ.க்குக் குறையாத தடிப்புள்ள மரங்களுக்கு எண்ணிட்டு, அவற்றின் வளர்ச்சியையும் மடிவையும் தொடர்ந்து பதிவு செய்து வந்துள்ளனர். காட்டின் கார்பன் இருப்பைக் கணிக்கும் கணித மாதிரிகளுக்கு இத்தகைய அளவைகள் இன்றியமையாதவை. எனினும், மரம் ஈட்டும் உணவில் கணிசமான பங்கு அளவுநாடாவுக்கு எட்டாமல் மண்ணினுள் செலவாகிறது.

2 மி.மீ.க்குக் குறைந்த தடிப்புள்ள வேர்களை நுண்வேர்கள் என்பது மரபு. மரத்தின் எடையில் இவை சிறு பகுதியே. ஆயினும் இவற்றுட் பல விரைவில் மடிய, புதியன தோன்றிக்கொண்டேயிருக்கின்றன. எனவே, நிலத்தாவரங்கள் ஆண்டுதோறும் ஆக்கும் நிகர விளைவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நுண்வேர்களுக்குச் செல்வதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

நுண்வேர்களோடு கூடி வாழும் பூசணங்களும் உண்டு. ஜெர்மானியத் தாவரவியலறிஞர் ஃபிராங்க் 1885ல் இக்கூட்டுறவுக்கு மைக்கோரைசா எனப் பெயரிட்டார். வேர் நுழைய இயலாத மண்துளைகளில் பூசண இழை புகுந்து மணிச்சத்தைக் கொணர்கிறது. மரம் கைம்மாறாகச் சர்க்கரையை அளிக்கிறது. பெங்களூரு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் டி. ஜே. பாக்யராஜும் அவர்தம் குழுவினரும் பயிர்களுக்கும் மர நாற்றுகளுக்கும் இப்பூசணத்தை இட்டு, அதன் பயனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர்.

கணித மாதிரிகள் பலவற்றில் நுண்வேர் அனைத்தும் ஒரே தொகுதியாகக் கொள்ளப்படுகிறது, பூசணத்துக்கு இடமில்லை. சத்துக் குன்றிய மண்ணில் மரம் பூசணத்துக்குச் செலுத்தும் விலையை அம்மாதிரி அறியாது. ஆகவே, காற்றில் கரியமில வாயு மிகும்போது காடு எவ்வளவு வளரும், எவ்வளவு கார்பனைத் தன்னிடம் நிறுத்தும் என்னும் கணிப்புப் பிழைபடக்கூடும். இக்குறையைக் களைய, உறிஞ்சும் நுண்வேர், கடத்தும் நுண்வேர், வேர்ப்பூசணம் ஆகிய மூன்றையும் தனித்தனியே கணக்கிடும் முறையை அமெரிக்க நாட்டு அறிஞர்கள் 2023ல் முன்மொழிந்தனர்.

இம்முறை பயன்பட வேண்டுமாயின் நம் நாட்டு மண்ணிலிருந்தே அளவைகள் கிடைத்தல் வேண்டும். உருளைக் குழாயைச் செலுத்தி மண்ணெடுத்து, சல்லடையில் கழுவி, உயிருள்ள வேரையும் மடிந்த வேரையும் பிரித்து, உலர்த்தி நிறுக்க வேண்டும். ஒருமுறை நிறுத்தால் இருப்பு மட்டுமே தெரியும்; மழைக்காலம், கோடைக்காலம் எனப் பருவந்தோறும் நிறுத்தாலன்றித் தோற்றமும் மடிவும் புலப்படா. ஆசிரியர்கள், பைன் மரம் உள்ள இடங்களில் மேல்மண்ணை மெல்ல விலக்கி, கவர்விட்ட குறுவேர்களைப் பூசணம் உறைபோல் மூடியிருப்பதை மாணவர்க்குக் காட்டலாம்.