டிஜிட்டல் டைரியும் பழைய நோட்டும்



சபுராளிகள் ஊர் திரும்பும்போது பெட்டியில் என்ன வரும் என்பதைக் கொண்டே அந்தந்தக் காலத்தைச் சொல்லிவிடலாம். ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டர் வந்தது. பிறகு கைக்கடிகாரமும் கால்குலேட்டரும் வந்தன. அதற்குப் பிறகு, உள்ளங்கை அளவில், புத்தகம்போல் திறந்து மூடும் டிஜிட்டல் டைரி வந்தது. எனக்கும் என் மச்சான் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பயன்படுத்திய அனுபவத்தில், நம் குடும்பங்களுக்குப் பயன்படும் சில விஷயங்களைச் சொல்லவே இந்தக் கட்டுரை. என் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதிலிருந்துதான் மற்றவற்றைக் கற்றேன்.

நம் அறக்கட்டளையின் இரத்த தானப் பட்டியல் முன்பு ஒரு நீள நோட்டில் இருந்தது. 140 பேர்கள், அவர்களுடைய இரத்த வகை, வீட்டு எண். டைரி கைக்கு வந்ததும் உற்சாகமாக மூன்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். நோட்டை எங்கே வைத்தேன் என்பதையே மறந்தேன். ஓராண்டு நன்றாகத்தான் போயிற்று. பிறகு பேட்டரி குறைகிறது என்று திரையில் காட்டியது. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டு, பிறகு கடிகாரம் பழுது பார்க்கும் தம்பியிடம் கொடுத்தேன். அவர் உள்ளே இருந்த இரண்டு பேட்டரிகளையும் ஒன்றாகக் கழற்றி, புதிதாக இரண்டு போட்டுக் கொடுத்தார். அவர்மேல் குறையில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லாதவன் நான். திறந்துகூடப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து இரவு பதினொரு மணிக்கு ஒருவர் கதவைத் தட்டினார். அவருடைய மருமகளுக்குப் பிரசவம். ஓ நெகட்டிவ் இரத்தம் உடனே வேண்டும். டைரியைத் திறந்தேன். பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. தேதிகூடத் தவறாக இருந்தது. ஓ நெகட்டிவ் உள்ளவருக்கு ஓ நெகட்டிவ் இரத்தம்தான் ஏற்றலாம். வேறு வகை ஆகாது. நம் பட்டியலில் அந்த வகையினர் நான்கு பேர் இருந்தார்கள் என்பது நினைவில் இருந்தது. ஒருவர் பெயர்தான் ஞாபகம் வந்தது, அவரும் வெளியூரில். தெருத்தெருவாகக் கதவைத் தட்டி, இன்னொருவரைக் கண்டுபிடித்து அனுப்ப இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இந்தக் கருவி எப்படி வந்தது?

பெயர், முகவரி, நாள்குறிப்பு ஆகியவற்றைச் சிறு மின்கருவியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் மிகப் பழையதன்று. 1984-ல் இங்கிலாந்தில் சியான் நிறுவனம் ‘ஆர்கனைசர்’ என்ற கருவியை வெளியிட்டது. ஜப்பானின் காசியோ, ஷார்ப் நிறுவனங்கள் சட்டைப்பைக்குள் அடங்கும் டைரிகளைச் செய்து உலகமெங்கும் பரப்பின. 1993-ல் அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் ‘நியூட்டன்’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. திரையில் கையால் எழுதினால் அது படித்துக்கொள்ளும் என்றார்கள். ஆனால் பல சொற்களைத் தவறாகப் படித்தது. சட்டைப்பைக்கும் பெரிதாக இருந்தது. 1998-ல் அதை நிறுத்திவிட்டார்கள்.

1996-ல் வந்த ‘பைலட்’ என்ற பாம் கருவிதான் இந்த வகையில் பெரும் வெற்றி பெற்றது. அதை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவியைச் செய்வதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஒரு நாளில் எத்தனை முறை அதை வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது, எதற்காக எடுக்கிறோம் என்று பார்த்துத் தெரிந்துகொண்டார். வாங்கப்போகும் நாமும் இதைச் செய்யலாம். ஒரு வாரம் சட்டைப்பையில் சிறு நோட்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். அதை நான்கு முறைகூட எடுக்கவில்லை என்றால், டைரியையும் எடுக்க மாட்டீர்கள், பணம் மிச்சம்.

எழுதியது ஏன் அழிகிறது?

காகிதத்தில் மை ஊறிவிட்டால் அது அங்கேயே இருக்கும். டைரியில் அப்படி இல்லை. நாம் தட்டும் எழுத்துகள் உள்ளே உள்ள சிறு நினைவகச் சில்லில் மின்சாரமாக நிற்கின்றன. மின்சாரம் நின்றால் எழுத்தும் நிற்காது. திரையை அணைத்து வைத்திருக்கும்போதும் பேட்டரியிலிருந்து மிகச் சிறிய அளவில் மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்தாலும் ஒருநாள் பேட்டரி தீரும். தீர்ந்தால் உள்ளே இருப்பது போய்விடும்.

இதற்காகத்தான் பெரும்பாலான டைரிகளில் இரண்டு பேட்டரிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று முதன்மைப் பேட்டரி. திரையும் விசைகளும் அதில் இயங்கும். மற்றொன்று காப்புப் பேட்டரி. முதன்மைப் பேட்டரியை மாற்றும் நேரத்தில் நினைவகத்தைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. மாற்றும்போது கவனிக்க வேண்டியவை இவை:

1. முதலில் டைரியை அணைக்கவும்.

2. ஒரு நேரத்தில் ஒரு பேட்டரியை மட்டும் கழற்றவும். புதியதைப் போட்டு மூடி, திறந்து பார்த்து, பெயர்கள் இருப்பதை உறுதி செய்த பிறகே மற்றதைத் தொடவும்.

3. கடையில் கொடுத்தால், “இரண்டையும் சேர்த்துக் கழற்றாதீர்கள்” என்று சொல்லி, அங்கேயே நின்று பார்க்கவும்.

4. மாற்றிய தேதியைச் சிறு தாளில் எழுதிப் பின்பக்கம் ஒட்டவும். எச்சரிக்கை வந்தபின் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

5. பின்புறம் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். அது ‘ரீசெட்’ பொத்தான். பல டைரிகளில் அதை அழுத்தினால் எல்லாவற்றையும் அழிக்கலாமா என்று கேட்கும். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது இதை நினைவில் வைக்கவும்.

பெயரை எப்படி எழுதுவது?

நமக்கே உரிய ஒரு சிரமம் இதில் இருக்கிறது. டைரி ஆங்கில எழுத்து வரிசையில் பெயர்களை அடுக்குகிறது. நம்மில் பாதிப்பேர் பெயர் முஹம்மது என்று தொடங்கும். ஆகவே ‘எம்’ எழுத்தைத் தட்டினால் வரிசையாக நாற்பது முஹம்மதுகள் வந்து நிற்பார்கள். அந்த ஒரே பெயரையும் ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறோம். ஒருவர் ‘ஓ’ போடுவார், இன்னொருவர் ‘யு’ போடுவார். நடுவில் ஒரு ‘எம்’ போடுவோரும் உண்டு, இரண்டு போடுவோரும் உண்டு. நமக்கு எல்லாம் ஒன்று. கருவிக்கு எல்லாம் வேறு வேறு. ஒரு எழுத்து மாறினாலும் ‘இல்லை’ என்றுதான் சொல்லும்.

நான் இப்போது செய்வது இதுதான். ஊரில் ஒருவரை எப்படி அழைக்கிறோமோ அதை முதலில் எழுதுகிறேன். வீட்டுப் பெயர், தெரு, தொழில் எதுவானாலும் சரி. அதற்குப் பிறகு சொந்தப் பெயர். ‘மரக்கடை முஹம்மது அலி’ என்றால் மரக்கடை முதலில். தேடும்போது வாயில் வருவதும் அதுதானே! முஹம்மது என்ற பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டைத் தீர்மானித்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். இரத்த வகையைப் பெயருக்கு முன்னால் போட்டால், ஒரு வகையினர் எல்லோரும் சேர்ந்தே வருவார்கள்.

எண்களை எழுதும்போது 91 என்ற நாட்டு எண்ணையும் ஊரின் எஸ்.டி.டி. எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் பார்த்து அப்படியே சுழற்ற வசதியாக இருக்கும்.

இடம் போதுமா என்று கேட்பார்கள். 32 கேபி நினைவகம் என்றால் சுமார் 32,000 எழுத்துகள். ஒரு பெயரும் எண்ணும் 30 எழுத்து என்று வைத்தால் ஆயிரம் பேர் அடங்குவர். ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். அதிக நினைவகம் என்று அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

நேரமும் தேதியும்

டைரியில் உலக நேரம் பார்க்கும் வசதி உண்டு. துபாய், ஓமான் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கத்தார் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால். நாம் இரவு ஒன்பது மணிக்கு ரியாத்துக்குப் பேசினால் அங்கே மாலை ஆறரை. வேலை முடிந்து வரும் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பாமல் பேச இது உதவும்.

ஆண்டுதோறும் நினைவூட்டும் வசதியில் ஒரு எச்சரிக்கை. டைரிக்குத் தெரிந்தது ஆங்கில நாட்காட்டி மட்டும். ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாட்கள். ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ஜகாத் கணக்குப் பார்க்கும் நாளை ஆங்கிலத் தேதியில் ‘ஆண்டுதோறும்’ என்று போட்டுவிட்டால் ஒவ்வொரு ஆண்டும் 11 நாள் பிந்தும். ஆங்கில ஆண்டு 32 கழியும்போது ஹிஜ்ரி ஆண்டு ஏறக்குறைய 33 கழிந்துவிடும். அதாவது ஓர் ஆண்டின் கணக்கே விடுபட்டுப்போகும். ஆகவே ஒவ்வொரு முறையும் கணக்கை முடித்த கையோடு, அடுத்த ஆண்டின் தேதியைப் புதிதாகப் பதிந்துகொள்ளுங்கள். பிறை பார்த்து அறியும் நாட்களையும் முன்கூட்டியே பதிய வேண்டாம்.

மருந்து நேரம், தடுப்பூசி நாள், கடவுச்சீட்டும் விசாவும் முடியும் தேதி, மின்கட்டணம் கட்டும் கடைசி நாள் ஆகியவற்றுக்கு அலாரம் மிகவும் பயன்படும். கடவுச்சீட்டுக்கு முடியும் நாளில் அலாரம் வைத்துப் பயனில்லை. எட்டு மாதம் முன்னால் வையுங்கள்.

இரகசியப் பகுதி

கடவுச்சொல் போட்டுப் பூட்டும் ஒரு பகுதி பெரும்பாலான டைரிகளில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் கடவுச்சொல்லை மறந்தால், பெரும்பாலும் முழு டைரியையும் அழித்தால்தான் மீண்டும் பயன்படுத்த முடியும். வங்கி அட்டையின் இரகசிய எண்ணை இதில் எழுதாதீர்கள். டைரி தொலைந்தால் எடுத்தவர் கையில் எல்லாம் போகும். அதே காரணத்தால், அறக்கட்டளை உதவி பெறும் விதவைகள், அநாதைகளின் பெயர்களை நான் டைரியில் வைப்பதே இல்லை. அவர்களுடைய மானம் நம்மிடம் இருக்கும் அமானிதம்.

கணினியோடு இணையும் கருவிகள்

பாம் போன்ற கருவிகளில் ஒரு நன்மை கூடுதலாக உண்டு. அதை ஒரு சிறு தாங்கியில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் கணினியில் நகலாகிவிடும். கருவி அழிந்தாலும் நகலிலிருந்து திரும்ப ஏற்றலாம். ஆனால் அந்தப் பொத்தானை அழுத்துவது நம் கையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் நகலெடுத்திருந்தால் மூன்று மாதத்துக்கு முந்தியதுதான் திரும்பக் கிடைக்கும்.

இப்போது செல்பேசியிலேயே எண்களை வைக்கிறார்கள். சிம் அட்டையில் பதிந்த எண்கள் பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது. ஆனால் பேசி தொலைந்தால் சிம்மும் சேர்ந்தே தொலையும். எதுவானாலும் ஒரே இடத்தில் வைத்தது ஒரே நாளில் போகும்.

காகிதத்தை விடாதீர்கள்

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். டைரியைத் தேடுவதற்கும் நினைவூட்டுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பதற்குக் காகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை புதிய எண்களை நோட்டில் எழுதுங்கள். வீட்டுப் பிள்ளைகள் ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதினால் அரை மணி நேர வேலை. கொடுக்கல் வாங்கல் கணக்கை ஒருபோதும் டைரியில் மட்டும் வைக்காதீர்கள். கடனுக்கு எழுத்தும் சாட்சியும் வேண்டும். அழிந்துபோகும் திரை சாட்சியாகாது. வாப்பா மௌத்தான பிறகு அவருடைய டைரியைத் திறக்கத் தெரியாமல், யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று அறியாமல் பிள்ளைகள் திகைக்கும் நிலை எந்த வீட்டிலும் வரக்கூடாது.

நம் இரத்த தானப் பட்டியல் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. என் டைரியில் ஒன்று, அலுவலகச் சுவரில் கயிற்றில் தொங்கும் நோட்டில் ஒன்று, பொருளாளர் வீட்டில் ஒன்று. பழைய 140 பேரில் 112 பேரை மீண்டும் சேர்த்துவிட்டோம். மீதி 28 பேர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. இதைப் படிப்பவர்களில் முன்பு பெயர் கொடுத்தவர்கள் இருந்தால், வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்துக்கு வந்து அந்த நோட்டில் உங்கள் கையாலேயே எழுதிவிட்டுப் போங்கள். டைரியில் பேட்டரி மாற்றத் தெரியாதவர்களும் அதே நேரத்தில் வரலாம்; உடனிருந்து மாற்றித் தருகிறேன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்