பனி விலகிய தேதி

1794 ஜூலையில் பிரிட்டிஷ் கடற்படை மாலுமி ஜோசப் விட்பி தென்கிழக்கு அலாஸ்காவின் கரையைப் படகில் அளந்துகொண்டு வந்தபோது, ஓரிடத்தில் பனிச்சுவர் வழிமறித்தது. அவருடைய தலைவர் ஜார்ஜ் வான்கூவரின் வரைபடத்தில் அந்த இடம் ஒரு சிறு குடைவுதான். இன்று அங்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உள்ளே கப்பல் போகிறது. கிளேசியர் பே என்ற அந்த விரிகுடா விட்பி காலத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடித்த பனிக்குள் புதைந்து கிடந்தது.

1879-இல் இயற்கையியலாளர் ஜான் மியூர், அப்பகுதியின் பூர்வகுடிகளான டிலிங்கிட் மக்களின் தோணியில் வந்தபோது, பனிமுகப்பு 60 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. இவ்வளவு வேகம் ஏன்? கடலில் இறங்கும் பனியாறு, தானே தள்ளிக் குவித்த கல்மண் மேட்டில் முட்டுக்கொடுத்து நிற்கிறது. மேட்டைவிட்டுப் பின்னால் நகர்ந்தால் ஆழமான நீரில் மாட்டிக்கொள்ளும். பிறகு பாளம் பாளமாக உடைந்து விழுவதுதான்.

பனி எந்த இடத்தைவிட்டு எப்போது விலகியது என்பதற்கு இப்படி வரிசையாகச் சாட்சிகள் இருப்பது அபூர்வம். அதைப் பயன்படுத்திக்கொண்டவர் வில்லியம் கூப்பர் என்ற தாவரவியலாளர். 1916-இல் வெறும் சரளைக்கல்லில் சிறு சதுரங்களைக் குறித்து, எந்தச் செடி எப்போது முளைக்கிறது என்று எழுதத் தொடங்கினார். முதலில் பாசி, பிறகு தரையோடு படரும் டிரையாஸ், அப்புறம் ஆல்டர் புதர். நம் ஊர் அவரையைப் போலவே டிரையாஸும் ஆல்டரும் வேர்முடிச்சில் நுண்ணுயிர்களை வைத்துக் காற்றின் தழைச்சத்தை மண்ணுக்குக் கொடுக்கும். கடைசியில் ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸின் காடு. பாடநூல்கள் இந்த வரிசையைச் சட்டம்போல எழுதிவைத்தன. கூப்பரின் சதுரங்களோ, அவருக்குப் பின் வந்தவர்கள் நூறாண்டு தொடர்ந்து பார்த்ததில், அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. முதலில் எந்த விதை வந்து விழுந்தது என்ற தற்செயலும் காட்டின் போக்கை மாற்றியிருக்கிறது. எனக்கு இதுதான் சுவையான பகுதி.

கண்டுபிடிப்பு என்று பேசும்போது ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். விட்பிக்கு முன்பே ஹூனா டிலிங்கிட் மக்கள், இன்று விரிகுடாவாக உள்ள பள்ளத்தாக்கில் குடியிருந்தார்கள். பனியாறு முன்னேறி வந்து தங்களைத் துரத்தியதை அவர்கள் வாய்மொழியாகக் காத்துவந்தார்கள். நிலவியல் சான்றுகளும் அதோடு ஒத்துப்போகின்றன. 2016-இல் விரிகுடாவின் வாயிலருகே, பார்ட்லெட் கோவ் கரையில், அவர்களுடைய குலவீடு மறுபடி எழுந்தது.

பனியின் பாரம் இறங்கியதால் நிலமும் நிமிர்கிறது: விரிகுடாவை ஒட்டிய கரை இன்றும் ஆண்டுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது.