முழங்கால் நோவும் இடுப்பு மூட்டும்

ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் நொண்டி நொண்டி நடக்கின்றான். எங்கே நோகின்றது என்று தாய் வினவினால் முழங்காலைத் தொட்டுக் காட்டுகின்றான். முழங்காலிலோ வீக்கமில்லை, சிவப்பில்லை, காயமுமில்லை. மாமரத்திலிருந்து குதித்திருப்பான், பந்தடிக்கும்போது விழுந்திருப்பான் என்று வீட்டார் தம்மைத் தேற்றிக்கொள்வர். எண்ணெய் பூசிக் கட்டுவர். ஓரிரு நாளில் நோவு தணிகின்றது. நொண்டல் மட்டும் முற்றாக மாறுவதில்லை. ஓடியாடி விளையாடிய நாளின் மாலையில் அது மீண்டும் தலைகாட்டுகின்றது. இவ்வாறே இரண்டு மாதம், மூன்று மாதம் கழிந்துவிடுகின்றன. இதற்கிடையில் அச்சிறுவனுடைய இடுப்பு மூட்டினுள்ளே ஓர் என்பு குருதியின்றி உயிரிழந்து கொண்டிருத்தல் கூடும்.

இவ்வியாதிக்குப் பேர்த்தெஸ் நோய் என்று பெயர். இஃது அரிய நோய். நொண்டும் பிள்ளைகள் எல்லோர்க்கும் இதுவே காரணம் என்று எவரும் அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் காலந்தாழ்த்தி அறியப்பட்டால் ஒருவனுடைய நடையை வாழ்நாள் முழுவதும் மாற்றிவிடக்கூடியது என்பதனால் பெற்றோரும், பிள்ளைகளை நாள்தோறும் காணும் ஆசிரியரும் இதனைப்பற்றி ஒருசிறிது அறிந்திருத்தல் நன்று.

இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் அதனுள் சுழலும் ஒரு பந்தும் போன்ற அமைப்புடையது. கிண்ணம் இடுப்பென்பிலும், பந்து தொடையென்பின் தலைப்பாகத்திலும் உள்ளன. உயிருள்ள என்புக்குக் குருதி வேண்டும். வளரும் பிள்ளையின் தொடையென்புத் தலைக்குக் கீழே வளர்ச்சித் தட்டு எனப்படும் கசியிழையப் படலம் ஒன்று கிடக்கின்றது; கீழிருந்து வரும் குருதிக்கலன்கள் அதனைக் கடந்து செல்வதில்லை. எனவே தலைக்கு வேண்டிய குருதியெல்லாம் கழுத்துப் பாகத்தைச் சுற்றி ஏறிவரும் சில நுண்ணிய நாடிகள் வழியாகவே வரவேண்டியுள்ளது. நான்கு வயது முதல் ஏழு வயது வரை இவ்வழி மிகக் குறுகியது என்பதை ஒக்ஸ்போர்ட்டில் பணியாற்றிய திருவேத்தா என்னும் கத்தலோனிய சத்திரசிகிச்சை நிபுணர் 1957இல் எடுத்துக்காட்டினார். ஊருக்கு ஒரே வாய்க்கால் என்றால் அது அடைபட்ட அன்றே வயல் வாடும் அன்றோ? இந்நோய் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வயதுக்குட்பட்டோரைப் பற்றுவதன் காரணத்தில் ஒரு பகுதி இதுவாகும். ஆனால் குருதி ஏன் தடைப்படுகின்றது என்னும் வினாவுக்கு நூறாண்டுக்கு மேலாகியும் திட்டமான விடை கிடைத்திலது.

சில உண்மைகள் மட்டும் புலனாகியுள்ளன. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளை இது நான்கைந்து மடங்கு மிகுதியாகப் பற்றுகின்றது. நோயுறும் பிள்ளைகள் பலர் தம் வயதுக்குச் சிறிய உருவினர். ஓயாது துள்ளித் திரிபவர். அவர்களுடைய என்பு வளர்ச்சி வயதுக்கு ஓரிரு ஆண்டு பின்தங்கியிருத்தலும் உண்டு. இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரிலே வறியோர் வாழும் பகுதிகளில் இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டது. நமக்கு அணித்தாயுள்ள தென்னிந்தியாவில், உடுப்பியைச் சார்ந்த தென்மேற்குக் கரையோரச் சமவெளியிலும் இது மிகுதியாக உண்டு என்பதை வைத்தியர் பெஞ்சமின் ஜோசப்பும் அவருடன் சேர்ந்தோரும் 1988இல் வெளியிட்டனர். அங்கே நோய் தொடங்கும் வயது மேனாட்டாரிடத்திற் காண்பதினும் பிந்தியது. வயது பிந்துதல் ஏன் கவலைக்குரியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இந்நோய் அறியப்பட்ட வரலாறு சுவையானது. 1895இல் ரொன்ட்ஜென் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடிக்குமுன் உயிருள்ள மனிதனின் மூட்டினுள்ளே நோக்க வழியில்லை. பிள்ளையொன்று இடுப்பு நோவுடன் நொண்டினால் அது மூட்டுச் சயரோகம் என்றே வைத்தியர் எண்ணினர். அக்காலத்தில் அவ்வெண்ணம் பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. சுவீடனைச் சேர்ந்த வால்டன்ஸ்ரொம் 1909இல் இந்நோயின் படங்களை வெளியிட்டபோதும் சயரோகத்தின் இலேசான வகை என்றே அதனைக் கொண்டார். மறு ஆண்டு, 1910இல், பொஸ்தன் நகரத்து லெக், பிரான்சின் கடலோர நகரான பேர்க்கில் பணியாற்றிய கல்வே, ஜெர்மனியின் ரியூபிங்கன் நகரத்துப் பேர்த்தெஸ் ஆகிய மூவரும் ஒருவரைச் சாராது மற்றவர் ஆராய்ந்து, இது சயரோகமன்று, வேறொரு நோய் என்று எழுதினர். லெக் கண்டவர் ஐந்தே பிள்ளைகள். சயரோகம் எனின் மெலிந்து வாடவேண்டிய பிள்ளைகள் நல்ல உடல்நலத்தோடு இருந்தமை இவர்களுடைய கருத்தைக் கவர்ந்தது. இன்று நூல்களில் மூவர் பெயரும் சேர்த்தே வழங்கப்படுகின்றன. முதலிற் கண்ட வால்டன்ஸ்ரொம் பெயர் விடுபட்டது இரங்கத்தக்கதே.

இனி, நோயைக் கண்டறிவது எவ்வாறு? இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் உணர்ச்சி கொண்டுசெல்லும் நரம்புகள் பொதுவானவை. ஆதலால் இடுப்பில் எழும் நோவு தொடையிலும் முழங்காலிலும் தோன்றுவது வழக்கம். முழங்காலை மட்டும் படம் பிடித்து, ‘ஒன்றுமில்லை’ என்ற விடையோடு வீடு திரும்பிய பிள்ளைகள் பல நாடுகளிலும் உளர். பிள்ளை முழங்கால் நோகின்றது என்றால் இடுப்பையும் சோதிக்க வேண்டும் என்பது வைத்திய மாணவருக்குக் கற்பிக்கப்படும் முதற் பாடங்களுள் ஒன்று. பெற்றோரும் வைத்தியரிடம், “ஐயா, இடுப்பையும் ஒருமுறை பாருங்கள்” என்று பணிவுடன் கேட்பதில் தவறில்லை.

வைத்தியர் பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை வெளிப்புறமாக அகட்டிப் பார்ப்பார். முழங்காலை மடித்து இடுப்பிலே காலை உட்புறமாகத் திருப்பிப் பார்ப்பார். நோயுற்ற பக்கத்தில் இவ்விரு அசைவுகளும் குறைந்திருக்கும். பின்னர் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார். நோயுள்ள காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்புத் தாழ்ந்துவிடும். தொடைத் தசை மற்றத் தொடையைவிடச் சிறுத்திருத்தலும் உண்டு. அதன்பின் எக்ஸ்-கதிர்ப் படம். நேராகப் படுத்தநிலையில் ஒன்றும், தவளையைப்போலக் கால்களை மடித்து அகட்டிய நிலையில் ஒன்றும் எடுத்தல் வேண்டும். நேர்ப்படத்தில் மறைந்திருப்பது தவளைநிலைப் படத்திற் புலப்படலாம். முதல் ஒருசில மாதங்களில் படத்தில் எவ்வித மாற்றமும் தோன்றாமலிருத்தல் கூடும் என்பதையும் நினைவிற்கொள்ளுதல் தகும். நொண்டல் நீடித்தால் மீண்டும் படமெடுத்தல் வேண்டும், அல்லது எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப்படம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

நொண்டலுக்கு வேறு காரணங்களும் உண்டு. தடிமன் காய்ச்சல் வந்துபோன பின் சில பிள்ளைகளுக்கு மூட்டின் உறையில் தற்காலிக அழற்சி தோன்றி ஒன்றிரண்டு கிழமையில் தானே மாறிவிடும். பத்து வயதைக் கடந்த, சற்றுப் பருத்த பிள்ளைகளில் தொடையென்புத் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து வழுகிவிடுதலும் உண்டு. அதுவும் முழங்கால் நோவாகவே வெளிப்படும். அன்றே வைத்தியசாலை சேரவேண்டியது. எல்லாவற்றினும் கொடியது மூட்டிற் சீழ் பிடித்தல். கடுங்காய்ச்சலும், காலை அசைக்கவே விடாத நோவும், நிலத்தில் கால் ஊன்ற மறுத்தலும் சேர்ந்து வந்தால் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. சில மணி நேரத் தாமதமே மூட்டை அழித்துவிடும்.

எங்கள் ஊர்களில் இத்தகைய பிள்ளையை முதலில் முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுசெல்வது வழக்கம். அவர்களுடைய கைத்திறனை நான் குறைத்துக் கூறேன். பலருடைய கைகால்களை நேராக்கியவர்கள். ஆனால் இது முறிவுமன்று, நெரிவுமன்று. எண்ணெய் பூசுவதால் தீங்கில்லை. விறைத்த மூட்டை வலிந்து திருகுதலும் இழுத்தலும் தீங்கானவை.

நோய் தன் போக்கில் நான்கு கட்டங்களைக் கடக்கின்றது. முதலில் குருதி இழந்த என்பு மாள்கின்றது. அடுத்து, மாண்ட என்பை உடல் சிறிது சிறிதாகக் கரைத்து அகற்றுகின்றது. அப்போது படத்தில் என்புத் தலை துண்டு துண்டாகச் சிதறியதுபோலத் தோன்றும். இக்கட்டம் ஏறக்குறைய ஓராண்டு நீடிக்கும். மூன்றாவதாகப் புதிய என்பு தோன்றுகின்றது. இறுதியில் அது வளர்ந்து உருவம் பெறுகின்றது. எல்லாம் நிறைவுற இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் செல்லும். இங்கே ஒரு வியப்பு உண்டு: எந்த மருந்துமின்றியே இறந்த என்பு மீண்டும் உயிர்பெறுகின்றது. அவ்வாறாயின் சிகிச்சை எதற்கு எனலாம். என்பு திரும்ப வருவது உறுதி. ஆனால் உருண்டையாக வருமா, தட்டையாக வருமா என்பதே கேள்வி. இடைக்காலத்தில் அது மென்மையாக இருக்கும். அந்நேரத்தில் உடற்பாரத்தால் நசுங்கி, கிண்ணத்திற்கு வெளியே பிதுங்கினால், அவ்வுருவிலேயே இறுகிவிடும். தட்டையாகிய தலை இளமையில் ஒருவாறு உழைக்கும். ஐம்பது வயதளவில் மூட்டுத் தேய்ந்து நோவும் விறைப்பும் தரும். செயற்கை மூட்டுப் பொருத்தவேண்டிய நிலை சிலருக்கு வரும்.

முற்காலத்துச் சிகிச்சை பாரம் தாங்கவிடாமை ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மேனாட்டுப் பிள்ளைகள் வைத்தியசாலைக் கட்டிலில் கால்களிற் பாரம் கட்டப்பட்டு மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் கிடந்தனர். தாய் தந்தையைக் காண்பது குறித்த நாளில் மட்டும். படிப்பும் விளையாட்டும் இழந்து கழிந்த அக்குழந்தைப் பருவத்துக்கு ஈடாகக் கிடைத்த பயன் அவ்வளவு பெரிதன்று என்பது பின்னர்த் தெரியவந்தது.

புதிய கருத்து 1960களில் வலுப்பெற்றது. பனங்கட்டி காய்ச்சுவோர் சூடான பாகைக் குட்டானில் ஊற்றுவதைக் கண்டிருப்பீர்கள். இறுகும் பாகு குட்டானின் வடிவத்தையே பெறும். அதுபோல, மென்மையான என்புத் தலையைக் கிண்ணத்தினுள் முழுமையாக அடங்கியிருக்கச் செய்தால், கிண்ணமே அச்சாக நின்று அதனை உருண்டையாக்கும் என்பதே அக்கருத்து. அடங்கச் செய்வதற்குக் கால்களை அகட்டி வைத்தல் வேண்டும். மொன்றியல் நகரத்துப் பேற்றி என்பவர் இரு கால்களுக்கும் சாந்துக் கட்டுப் போட்டு, நடுவே ஒரு கட்டையைப் பொருத்தி, அந்நிலையிலே பிள்ளைகளை நடக்கவைத்த முறையை 1971இல் வெளியிட்டார். ரொறன்ரோவின் சோல்டர், இடுப்பென்பைக் கிண்ணத்துக்கு மேலே வெட்டி, கிண்ணம் தலையை நன்கு மூடுமாறு திருப்பிவைக்கும் சத்திரசிகிச்சையை 1961இல் வெளியிட்டிருந்தார். பிறவியிலேயே மூட்டு விலகிய குழந்தைகளுக்கென அமைத்த அம்முறை இந்நோய்க்கும் பயன்பட்டது. தொடையென்பைக் கழுத்துக்குக் கீழே வெட்டி, தலை கிண்ணத்துக்குள் ஆழச் சாயும்படி உலோகத் தகடு கொண்டு பொருத்துவது மற்றொரு முறை.

யாருக்குச் சத்திரசிகிச்சை, யாருக்குக் காத்திருத்தல்? பெற்றோரை உறக்கமிழக்கச் செய்யும் வினா இதுவேயாகும். இதற்கு வயதே முதல் அளவுகோல். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உருவம் திருந்த இன்னும் நெடிய வளர்ச்சிக்காலம் உண்டு. பெரும்பாலோர் கத்தி படாமலே நலம் பெறுவர். எட்டு வயதுக்குப்பின் தொடங்கினால் திருந்துவதற்கு எஞ்சிய காலம் குறைவு. அமெரிக்க நிபுணர் ஹெரிங்கும் அவர் குழுவினரும் 438 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட முடிபும் இதனோடு ஒத்துள்ளது: எட்டு வயதுக்கு மேற்பட்டு, தலையின் வெளிப்பக்கத் தூண் ஓரளவு எஞ்சிநின்றவர்களுக்குச் சத்திரசிகிச்சை தெளிவான நன்மை தந்தது, அத்தூண் முற்றாக இடிந்தவர்களுக்கு எச்சிகிச்சையும் பெரிதாக உதவவில்லை. இடிவதற்குமுன் கண்டறிவதன் அருமை இதனால் விளங்கும். சத்திரசிகிச்சை என்றதும், “பச்சைப் பிள்ளையின் என்பை வெட்டுவதா?” என்று பாட்டிமார் அழுவது இயல்பு. அதே வேளை, நிபுணர் ‘காத்திருப்போம்’ என்றால், ஒன்றும் செய்யாது அனுப்பிவிட்டார் என்று குறைகூறுவதும் முறையன்று. காத்திருத்தலும் இங்கே ஒரு சிகிச்சையே.

வீட்டில் செய்யவேண்டியவை சில. நோவு மிகும் நாட்களில் ஓய்வும் வைத்தியர் குறித்த நோவு மருந்தும் போதும். மூட்டு விறைக்காதிருக்கக் காலை அகட்டும் பயிற்சிகளை நாள்தோறும் செய்வித்தல் வேண்டும். குதித்தலும் ஓடுதலும் ஆகா. நீந்துதலும் துவிச்சக்கரவண்டி மிதித்தலும் பொதுவாக நன்று.

பாடசாலையைப் பற்றி, வகுப்பறையில் நிற்பவன் என்ற முறையில், ஒரு சொல். தேகப்பியாச நேரத்தில் பின்தங்கும் பையனைச் சோம்பேறி என்றும், ‘காலையில் நொண்டவில்லை, இப்போது நடிக்கிறான்’ என்றும் கடிவது நம்மிடையே உண்டு. இந்நோயின் நொண்டல் காலையில் குறைந்து, களைத்த பின் கூடுவது. நோய் தெரிந்த பின்னரோ, மேல்மாடி வகுப்பைக் கீழே மாற்றுவதும், அகட்டிய சாந்துக் கட்டோடு வரும் பிள்ளைக்கு மேசையொன்றைத் தனியே ஒதுக்குவதும் பெரிய செலவுள்ள காரியங்களல்ல. ஒரு தவணை முழுவதும் வீட்டில் இருக்கவிடுவதைவிட, விளையாட்டுப் போட்டியன்று புள்ளிக் கணக்கெழுத அவனை அமர்த்துவது எவ்வளவோ மேல்.

வளர்ச்சி முடியும்வரை, அதாவது பதினைந்து பதினாறு வயதுவரை, பிள்ளையை இடையிடையே நிபுணரிடம் காட்டுதல் வேண்டும்; பத்துப் பதினைந்து வீதத்தினருக்கு மற்றப் பக்க மூட்டிலும் இந்நோய் வருவதுண்டு. ஒவ்வொரு முறையும் வைத்தியர் புதிய படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டே தீர்மானிக்கின்றார். ஆகவே எக்ஸ்-கதிர்ப் படங்களைச் சுருட்டாமல், மூலையில் திகதி எழுதி, கடித உறையிலே தட்டையாக வைத்துப் பேணுங்கள். வைத்தியசாலைக்குப் போகும் நாளில் முதற் படத்தையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள்.