பழைய ஆடம்பரக் காடி: உத்தரவாதம் இல்லாமல் வாங்கினால் என்ன ஆகும்?



பயனீட்டாளர் கல்வி என்றதும் காலாவதியான உணவு, போலிப் பொருள், இணைய மோசடி என்றுதான் நம் மாணவர்கள் எழுதுகிறார்கள். வேலைக்குப் போன முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர்களில் பலர் விழும் குழி வேறு. அதுதான் பழைய ஆடம்பரக் காடி. தேர்வில் 'மகிழுந்து' என்று எழுதுங்கள். இங்கே நாம் பேசுவதுபோல் 'காடி' என்றே வைத்துக்கொள்கிறேன்.

இதை எழுதக் காரணம் என் முன்னாள் மாணவர் ஒருவன். தோட்டத்துப் பையன். கூலிம் தொழிற்பேட்டையில் வேலை. பத்து வயதான ஜெர்மன் காடி ஒன்றை 65,000 ரிங்கிட்டுக்கு வாங்கினான். முன்பணம் 6,500 ரிங்கிட், அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம். எட்டாவது மாதம் கியர் பெட்டி போய்விட்டது. பட்டறையில் 14,000 ரிங்கிட் கேட்டார்கள். "டீச்சர், காடி சும்மாதான் நிக்குது. லோன் மட்டும் ஓடுது" என்றான். என்ன தாள்களில் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டேன். "படிக்கல டீச்சர், காட்டுன இடத்துல போட்டேன்" என்றான். ஐந்தாண்டு நான் கருத்துணர்தல் சொல்லிக்கொடுத்த பையன் அவன்.

விலை ஏன் இவ்வளவு குறைகிறது?

புதிய ஆடம்பரக் காடிகளுக்கு நிறுவனம் கொடுக்கும் உத்தரவாதம் பெரும்பாலும் 4 அல்லது 5 ஆண்டு. அந்தக் காலத்தில் பழுது வந்தால் செலவு நிறுவனத்துடையது. உத்தரவாதம் முடிந்த மறுநாள் முதல் அதே பழுது உரிமையாளரின் செலவு. இது முதல் உரிமையாளருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பலர் அந்தச் சமயத்தில் விற்றுவிடுகிறார்கள். வாங்குகிறவர்கள் பயப்படுவதால் விலையும் வேகமாக இறங்குகிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். விலை இறங்கியது காடிக்குத்தான், அதன் உதிரிபாகங்களுக்கு அல்ல. மூன்று லட்சம் ரிங்கிட் காடி பத்தாண்டில் 65,000 ரிங்கிட்டுக்கு வரலாம். அதன் கியர் பெட்டி மூன்று லட்சம் ரிங்கிட் காடியின் கியர் பெட்டிதான். பட்டறைக்காரர் நீங்கள் வாங்கிய விலையைப் பார்த்துக் கூலி கேட்கமாட்டார்.

"நம்ம கெடாவிலேயே செய்றாங்களே, சாமான் மலிவாகக் கிடைக்காதா?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், கூலிமில் உள்ள இனோகாம் தொழிற்சாலையில் பி.எம்.டபிள்யூ காடிகள் பொருத்தப்படுகின்றன. ஆனால் பொருத்துவது வேறு, எல்லாப் பாகங்களையும் இங்கேயே உற்பத்தி செய்வது வேறு. கியர் பெட்டி, மின்னணுக் கருவிகள் போன்றவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன.

எவை பழுதாகும்?

போமன்களிடம் கேட்டால் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள்.

1. தானியங்கிக் கியர் பெட்டியும் அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பகுதியும்.
2. காற்று நிரப்பிய சஸ்பென்ஷன். ரப்பர் பைகள் வயதானால் வெடித்துக் காற்று கசியும். கசிவை ஈடுகட்ட ஓடியோடி காற்றழுத்தியும் கெட்டுவிடும்.
3. இயந்திரத்தைக் குளிர்விக்கும் குழாய்கள், பிளாஸ்டிக் இணைப்புகள். நம் நாட்டு வெயிலில் இவை இறுகி உடைந்துவிடும். நீர் கசிவதைக் கவனிக்காமல் ஓட்டினால் இயந்திரமே போய்விடும்.
4. டர்போ, எண்ணெய்க் கசிவு.
5. கலப்பு எரிபொருள் காடி என்றால் உயர் அழுத்த மின்கலம்.

இவற்றில் பல அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாது. குளிர்ந்த இயந்திரத்தில் ஒரு சத்தம் வரும், சூடானால் மறைந்துவிடும். விற்பவர் காடியை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் உங்களுக்கு எதுவும் கேட்காது.

வெள்ளத்தில் மூழ்கிய காடி இன்னொரு ஆபத்து. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் வட்டாரத்தில் எத்தனையோ வாகனங்கள் நீரில் மூழ்கியதை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அப்படி மூழ்கிய காடியைக் கழுவி, இருக்கையை மாற்றி, வாசனை அடித்துவிட்டால் வெளியே தெரியாது. கம்பிகளுக்குள் புகுந்த ஈரம் மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும். ஆடம்பரக் காடியில் கம்பியும் கணினியும் அதிகம் என்பதால் கேடும் அதிகம்.

யானையைக் கட்டித் தீனி போடுதல்

பழுதே வராவிட்டாலும் செலவு உண்டு. தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் உள்ள சலூன் வகைக் காடிக்கு ஓராண்டுச் சாலை வரி இப்படி வரும்:

1.5 லிட்டர்: 90 ரிங்கிட்
2.0 லிட்டர்: ஏறக்குறைய 380 ரிங்கிட்
2.5 லிட்டர்: ஏறக்குறைய 880 ரிங்கிட்
3.0 லிட்டர்: ஏறக்குறைய 2,130 ரிங்கிட்

காடிக்கு வயதாவதால் இந்த வரி குறைவதில்லை. இதற்குமேல் காப்புறுதி, சக்கரம், பிரேக், எண்ணெய் மாற்றும் செலவு என எல்லாம் உண்டு.

என் மாணவனின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கடன் 58,500 ரிங்கிட். ஆண்டுக்கு 4 விழுக்காடு நிலையான வட்டி, 7 ஆண்டு. வட்டி மட்டும் 16,380 ரிங்கிட். மொத்தம் 74,880 ரிங்கிட். 84 மாதத்துக்கு வகுத்தால் மாதம் ஏறக்குறைய 891 ரிங்கிட். பட்டறை கேட்ட 14,000 ரிங்கிட் அவனுடைய பதினைந்து மாதத் தவணைக்கு மேல்!

காடி நின்றாலும் தவணை நிற்காது

வாடகைக் கொள்முதல் முறையில் கடைசித் தவணை முடியும்வரை சட்டப்படி உரிமையாளர் வங்கிதான். நாம் வாடகைதாரர். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தில் பொருள் தரமாக இருக்கவேண்டும் என்னும் நிபந்தனை உண்டு. ஆனால் பழைய பொருளுக்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. 'இது பழைய பொருள், தரம் பற்றிய நிபந்தனையும் உத்தரவாதமும் நீக்கப்படுகின்றன' என்று ஒப்பந்தத்தில் இருந்து, அது தன் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டதாக வாடகைதாரர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்த நிபந்தனை வங்கியைக் கட்டுப்படுத்தாது. என் மாணவன் படிக்காமல் கையெழுத்திட்ட தாள்களில் ஒன்று அதுதான்.

அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால், 21 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு வங்கி காடியை மீட்டுக்கொள்ளலாம். ஏலத்தில் போன பணம் கடனுக்குப் போதாவிட்டால் மீதியையும் நாம்தான் கட்டவேண்டும். காடியும் போய், கடனும் மிஞ்சும் நிலை இது.

சட்டம் எங்கே கைகொடுக்கும்?

வியாபாரியிடம் வாங்கினால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்கிறது அது. 'இருக்கிறபடியே விற்கிறோம், பிறகு கேட்கக்கூடாது' என்று ரசீதில் எழுதியிருப்பதாலேயே அந்த உரிமை போய்விடாது. ஆனால் குறையை முன்கூட்டியே உங்களிடம் சொல்லி, தெரிந்தே நீங்கள் வாங்கினால் அந்தக் குறையைப் பிறகு காரணம் காட்ட முடியாது. காடியின் வயதும் கொடுத்த விலையும்கூடக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலே புகார் செய்யலாம். மூன்று ஆண்டுக்குள் செய்யவேண்டும். கோரும் தொகை 50,000 ரிங்கிட்டுக்கு மேல் போகக்கூடாது. பழுது செலவைக் கேட்க இது போதும். முழு விலையையும் திரும்பக் கேட்க, ஆடம்பரக் காடிக்குப் பல வேளைகளில் இது போதாது.

தெரிந்தவரிடமோ இணையத்தில் விளம்பரம் போட்ட தனிநபரிடமோ வாங்கினால் இந்தச் சட்டத்தின் துணை கிடைக்காது. அவர் வியாபாரி அல்லர். "வியாபாரிகிட்ட வாங்குனா விலை கூட" என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கூடுதல் விலையில் இந்த உரிமையும் அடங்கியிருக்கிறது.

கோலா கெடா பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. படகுத்துறைக்கு அந்தப் பக்கம் இருக்கும் லங்காவி வரிவிலக்குத் தீவு. அங்கு 'கேவி' எண்ணில் வரியின்றிப் பதிவான காடியை, வரி செலுத்தாமல் இங்கே நிரந்தரமாக வைத்து ஓட்ட முடியாது. "மலிவா ஒன்னு இருக்கு" என்று யாராவது சொன்னால், வரி கட்டியாயிற்றா என்பதை முதலில் கேளுங்கள்.

வாங்கியே ஆகவேண்டும் என்றால்

1. பராமரிப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். அதில் உள்ள ஓட்டத் தொலைவும் மீட்டர் காட்டுவதும் பொருந்துகின்றனவா எனப் பாருங்கள்.
2. அந்த வகைக் காடியைப் பழுதுபார்க்கும் வெளிப் பட்டறையில் சொந்தச் செலவில் சோதியுங்கள். பெயர் மாற்றத்துக்காகப் புஸ்பாகோமில் செய்யும் சோதனை கியர் பெட்டி இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்பதைச் சொல்வதற்கானதல்ல.
3. கடைக்காரர் 'ஓராண்டு வாரண்டி' என்றால் தாளைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாகம், ஒரு கோரிக்கைக்கு எவ்வளவு, எந்தப் பட்டறை, 'தேய்மானம்' விலக்கப்பட்டுள்ளதா எனப் படியுங்கள்.
4. வாய்மொழியை எழுத்தாக்குங்கள். விளம்பரம், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள்.
5. ஒரு பெரிய பழுதுக்கான பணம் தனியாகக் கையில் இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்தக் காடி உங்களுக்கு இப்போது வேண்டாம்.

என் மாணவன் நான்காவதை மட்டும் செய்திருந்தான். 'கியர் பெட்டி நல்ல நிலை' என்று விற்பவர் அனுப்பிய குறுஞ்செய்தி அவன் கைப்பேசியில் இருந்தது. தீர்ப்பாயத்தில் புகார் பதிந்த பிறகு, விசாரணைக்கு முன்பே பேசி முடித்தார்கள். செலவில் ஒரு பகுதி கிடைத்தது. மீதி அவன் தலையில். அம்மாவின் சீட்டுப் பணம் இன்னும் திரும்பவில்லை.

வகுப்பறைக்கு

ஆசிரியர்களே, படிவம் 4, 5 மாணவர்களுக்குக் கருத்துணர்தல் பனுவலாக ஒருமுறை ஓர் உண்மையான உத்தரவாதத் தாளையோ ரசீதையோ கொடுத்துப் பாருங்கள். மலாயில் இருந்தால் என்ன, தமிழில் விளக்கச் சொல்லுங்கள். மாணவர்களே, கீழ்க்காண்பவற்றுக்கு விடை எழுதிப் பழகுங்கள்:

1. 'உத்தரவாதம்', 'தேய்மானம்', 'தவணை' ஆகிய சொற்களைப் பொருள் விளங்க வாக்கியத்தில் அமைத்திடுக.
2. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்னும் பழமொழிக்கேற்ற சூழல் ஒன்றை எழுதுக.
3. பழைய ஆடம்பர மகிழுந்து வாங்குவதால் ஏற்படும் விளைவுகளை விளக்கி 200 சொற்களில் கட்டுரை எழுதுக.

மூன்றாவது கேள்விக்கு நல்ல புள்ளி வாங்குங்கள். பிறகு, நாளைக்குக் கடையில் ஒருவர் பேனாவை நீட்டி "இங்க ஒரு சைன் போடுங்க தம்பி" என்று சொல்லும்போது, "கொஞ்சம் இருங்க அண்ணே, படிச்சிட்டுப் போடுறேன்" என்று சொல்லுங்கள். நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டது அது ஒன்றுதான்.