ஔவையார் சென்ற தூது

சவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூருக்குத் தென்மேற்கே தருமபுரி, கிழக்கே காஞ்சிபுரம். தருமபுரியின் பழம்பெயர் தகடூர். சங்க காலத்தில் அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் காஞ்சியை ஆண்ட தொண்டைமானுக்கும் பகை மூண்டது. தமக்கு அரிய நெல்லிக்கனி ஈந்த அதியமானுக்காகக் காஞ்சிக்குத் தூது சென்றவர், அவனது அவைக்களப் புலவராகிய ஔவையார்.

தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குக் காட்டினான். மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்று அவை ஒளிர்ந்தன. அவற்றின் அழகைச் சொன்ன ஔவையார், தம் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது.

புகழ்ச்சி போன்றது பழிப்பாயிற்று. பழிப்புப் போன்றது புகழாயிற்று. மாற்றான் ஊரில் படைத்துணையின்றி நின்று, ஒரு கடுஞ்சொல்லும் கூறாமல், எவர் படை போரில் பழகியது என்பதை அவர் உணர்த்திவிட்டார். தூதருக்கு அன்பும், அறிவும், ஆராய்ந்த சொல்வன்மையும் வேண்டும் என்பார் வள்ளுவர். மூன்றும் அச்சிறு பாட்டில் உள்ளன.