சிந்தினால் சிந்தட்டும்

கிழக்கிலங்கையின் அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பழக வரும் வெளிநாட்டுக்காரரை உல்லை ஊர்ப் பொடியன்கள் எடுத்த எடுப்பிலேயே கடலுக்குள் இறக்குவதில்லை. பலகையை மணலில் கிடத்தி, அதன்மேல் குப்புறப் படுக்கவைத்து, கையை ஊன்றி ஒரே துள்ளலில் எழும்பி நிற்கப் பழக்குவார்கள். அலையும் கிடையாது, ஆழமும் கிடையாது; எழும்பி நிற்பது மட்டும்தான் பாடம். அது உடம்புக்குப் பிடிபட்ட பிறகு பேபி பொயின்ட் பக்கம், சின்ன அலைக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே பிழையைச் சொல்லிக்காட்ட ஆள் வேண்டியதில்லை. கால் இடம் மாறினால் கடலே கவிழ்த்துவிடும்.

கடினமான வேலையைப் பிரித்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கையில் கொடுப்பது. பிழையை ஆள் காட்டாமல் பொருளே காட்டும்படி விடுவது. மரியா மொண்டிசோரி என்ற இத்தாலிய வைத்தியர் சின்னப் பிள்ளைகளின் படிப்புக்கு வகுத்த முறையில் பாதி இந்த இரண்டுக்குள் அடங்கும். மற்றப் பாதிதான் கஷ்டம். அது பெரியவர்கள் செய்ய வேண்டியது. சரியாகச் சொன்னால், செய்யாமல் இருக்க வேண்டியது.

1896இல் வைத்தியப் பட்டம் பெற்ற மரியா, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளோடு வேலை செய்தபோது, இத்தார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு வைத்தியர்களின் பழைய எழுத்துகளைத் தேடிப் படித்தார். கைக்கும் கண்ணுக்கும் வேலை கொடுத்தால் அறிவு விழிக்கும் என்பது அவர்கள் கண்டது. 1907 ஜனவரி 6ஆம் திகதி, ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் மரியா பிள்ளைகள் இல்லம் ஒன்றைத் திறந்தார். தாய் தகப்பன் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் புதுக் கட்டடத்தின் சுவர்களைப் பழுதாக்குகிறார்கள், அவர்களை எங்கேயாவது அடைத்து வைக்க வேண்டும் என்பதுதான் கட்டட உரிமையாளரின் கவலை. உலகக் கல்வியைப் புரட்டிய ஒரு சோதனை சுவர்ப் பூச்சைக் காப்பாற்றத் தொடங்கியது என்பது எனக்கு எப்போதும் சிரிப்பூட்டும்.

அங்கே அவர் கண்டவற்றில் ஒன்று. மூன்று வயதளவில் ஒரு சிறுமி, மரக்கட்டைத் துளைகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். பத்துத் துளைகள், பத்து உருளைகள், ஒவ்வொன்றும் ஓர் அளவு. ஒன்றை மாற்றிப் போட்டால் கடைசியில் ஏதாவது ஓர் உருளை இடமில்லாமல் கையில் நிற்கும். மரியா மற்றப் பிள்ளைகளை அவளைச் சுற்றிப் பாடவைத்தார். அவள் இருந்த கதிரையோடு அவளைத் தூக்கி மேசையில் வைத்தார். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கழற்றினாள், கலந்தாள், மறுபடி பொருத்தினாள். நாற்பது தடவைக்கு மேல். பிறகு, நல்ல நித்திரையிலிருந்து எழும்பியவள்போல் முகம் மலர்ந்து தானாகவே நிறுத்திக்கொண்டாள். சின்னப் பிள்ளைக்கு ஒன்றில் மனம் நிலைக்காது என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். நிலைக்காமல் போவதற்குக் காரணம் பிள்ளையா, நடுவில் புகும் நாமா என்ற கேள்வி அன்றைக்குப் பிறந்தது.

இந்தக் கதைக்கு நம் பக்கத்திலும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. 1939இல், தன் 69ஆவது வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மகன் மாரியோவுடன் மரியா சென்னை அடையாறுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் நடந்த பயிற்சிக்கு ஏறக்குறைய 300 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் தாயும் மகனும் பிரித்தானிய அரசின் கண்ணில் எதிரி நாட்டவர் ஆனார்கள். மகன் தடுப்பு முகாமுக்கு. தாய் அடையாறு வளவுக்குள். 1940 ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு மகனை விடுவித்தார்கள். சில மாதங்களுக்கென்று வந்தவர் 1946 வரை இந்தப் பக்கத்திலேயே இருந்துவிட்டார். பிறகு கொடைக்கானலில் தங்கியபோது அவருக்குத் துணையாகப் பிள்ளைகளோடு வேலை செய்தவர் லீனா விக்ரமரத்ன, இலங்கைப் பெண். 1944இல் மரியா இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

இன்று இலங்கையில் முன்பள்ளிப் பலகைகள் பலவற்றில் அவர் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை யாரும் வைக்கலாம்; அது எவருடைய தனிச்சொத்தும் அல்ல என்று 1967இல் அமெரிக்காவில் ஒரு தீர்ப்பே வந்தது. பலகையைத் தாண்டி உள்ளே போனால் மூன்று வயதுப் பிள்ளை கொப்பியில் ஏபிசி எழுதிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலின் நிழல் அவ்வளவு தூரம் நீள்கிறது. அந்தப் பலகைகளோடு சண்டைக்குப் போவதைவிட, வீட்டுக்குள் என்ன செய்யலாம் என்று பார்ப்பது பிரயோசனம்.

குசினியில் தொடங்கலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு தட்டம், இரண்டு சின்ன ஜக். ஒன்றில் பாதி அளவுக்குப் பயறு. இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு ஊற்ற வேண்டும். பயறு கைக்கு வந்த பிறகு தண்ணீர். பக்கத்தில் ஒரு துடைக்கிற துணி, அவ்வளவுதான். மணிக்கட்டைத் திருப்பும் வேகம், ஜக்கின் சாய்வு, தண்ணீர் விழும் இடம் மூன்றையும் மூளை ஒரே நேரத்தில் கணக்குப் போடுகிறது. கணக்குப் பிழைத்தால் தட்டம் நனைந்து சொல்லிவிடும். ஒரு சுளகில் கௌபி, கடலை, பயறு மூன்றையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லலாம். முருங்கை இலை உருவுவது, வெங்காயத் தோல் உரிப்பது, துவைத்த சாரனைக் கொடியில் போடுவது, செருப்புகளைச் சோடி சேர்ப்பது எல்லாம் இதே இனம்தான்.

இவற்றைப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானாகக் கொடுக்கக்கூடாதா என்று கேட்கலாம். ஏஞ்சலின் லிலார்ட் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், முன்பள்ளிப் பிள்ளைகளிடம் பாவனைச் சமையலா, உண்மையான சமையலா என்ற மாதிரித் தெரிவுகளை வைத்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் உண்மையான வேலையைத்தான் கேட்டார்கள். அதற்கும் முன்பு, 2006இல், வார்னெகன், டொமசெல்லோ என்ற இருவர் ஒன்றரை வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத ஓர் ஆள் பொருளைத் தவறவிட்டு, எட்டி எடுக்க முடியாமல் திண்டாடுகிறார். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தன. இரண்டு வருடம் கழித்து அதே இருவர் கண்டது இன்னும் விசித்திரம்: உதவிக்குப் பரிசு கொடுக்கப்பட்ட பிள்ளைகள் பிறகு உதவுவது குறைந்தது. டொபி கொடுத்து வேலை வாங்கும் நம் கெட்டித்தனத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பொருள் எல்லாம் வீட்டில் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. பிறகு எது இடிக்கிறது? எனக்குத் தோன்றுவது, பாசம்தான். கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் இந்தக் கிழக்குக் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடிப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். ஆகவே பிள்ளை வளர்வது உம்மம்மாவும் சாச்சிமாரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற வளவில். தனிமை என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. மேற்கு நாட்டுத் தாய்மார் காசு கொடுத்தும் வாங்க முடியாத வாழ்வு இது. ஆனால் ஐந்து சோடிக் கை இருக்கிற வீட்டில் பிள்ளையின் கைக்கு வேலை மிஞ்சுவதில்லை. நான்கு வயதுப் பையன் சேட்டின் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான்; சாச்சி வந்து ஒரு நொடியில் பூட்டிவிடுவார். சோற்றைத் தானே அள்ளப் பார்ப்பான். “இங்க வா வாப்பா, ஒரு வாய்தான்” என்று உம்மம்மா ஊட்டத் தொடங்குவார். அந்த ஒரு வாய் பீங்கான் முடியும்வரை போகும். உம்மம்மாவிடம் போய் ஊட்டாதீங்க என்று சொல்ல எந்த மகளுக்குத் துணிவு வரும்? அவரிடமே வேறு வேலையைக் கொடுப்பதுதான் வழி: “உம்மா, இவனுக்கு இடியப்பம் பிழியக் காட்டிக் கொடுங்க.” மெதுவாக, பேச்சில்லாமல், ஒரு தடவை செய்துகாட்டிவிட்டு ஒதுங்குவதுதான் மரியா ஆசிரியர்களுக்குச் சொன்னதும். பன் பாய் பின்னிப் பழகிய கைகளுக்கு அது புதிதல்ல. அந்தத் தலைமுறை கலையைக் கற்றதே பக்கத்தில் இருந்து பார்த்துத்தான்.

இன்னொன்றும் இந்த முஸ்லிம் வீடுகளில் தயாராக இருக்கிறது: தொழுகைக்கு முன் செய்யும் வுழு. கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கை, தலை, கால் என்று மாறாத ஒழுங்கு, வலது முதலில், கழுவுவதெல்லாம் மூன்று தடவை. மொண்டிசோரி வகுப்பிலும் கை கழுவுவது ஒரு முழுப் பாடம். ஜக், பேசின், சவர்க்காரம், துவாய் என்று படி தவறாமல் போகும். அடுத்தது என்ன என்பதை மனதில் வைத்திருப்பது, அவசரத்தை அடக்குவது, எத்தனையாவது தடவை என்று எண்ணுவது: பின்னாளில் கணக்குக்கும் வாசிப்புக்கும் தேவைப்படும் மூளைத் திறன்கள் இவைதான். மார்க்கக் கடமைக்கு வயது வரட்டும். பிள்ளையின் உயரத்துக்கு ஒரு பைப்பும் வழுக்காத ஒரு பலகையும் இப்போதே வைத்துக் கொடுக்கலாம்.

எழுத்து? ஒவ்வொரு உம்மாவும் கேட்பது அதுதான்.

மரியா எழுத்துகளை மணற்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளை விரலால் அதன்மேல் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லும். கண், காது, விரல் மூன்றும் ஒரே நேரத்தில் எழுத்தைச் சந்திக்கும். நம் திண்ணைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி உரக்கச் சொல்லித்தான் படித்தார்கள். சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதி ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதைக் கண்டு வியந்து, விடுதிப் பிள்ளைகளுக்கு மணல் பரப்பிக் கொடுத்து, 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். அதற்குப் பிறகு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளும் மணல் தட்டில் எழுதினார்கள். மணல் நமக்குப் புதிதல்ல. பொத்துவிலில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

விரலுக்கும் வாசிப்புக்கும் என்ன தொடர்பு என்பதை ஆய்வாளர் கரின் ஜேம்ஸ் 2012இல் மூளைப் படங்களில் பார்த்தார். இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதளவுப் பிள்ளைகளில், தாங்களே கையால் எழுதிப் பழகிய எழுத்தைப் பார்க்கும்போது வாசிப்புக்கான மூளைப் பகுதிகள் விழித்தன. தட்டச்சில் அழுத்திய எழுத்துக்கு அப்படி நடக்கவில்லை. போட்டிருந்த கோட்டின்மேல் இழுத்துப் பழகியதும் சொந்தமாக எழுதியதற்கு ஈடாகவில்லை. ஆகவே புள்ளிக் கோட்டின்மேல் பென்சிலை ஓட்டும் பயிற்சிப் புத்தகத்தைவிட, தடவிப் பார்த்தபின் வெறும் மணலில் பிள்ளை தானே கோணலாகப் போடும் ‘ட’ மேல் என்று நினைக்கிறேன்.

ஆனால் மரியாவின் அட்டைகளை அப்படியே தமிழுக்குப் பெயர்த்தால் திண்டாட்டம்தான். இத்தாலிய அகரவரிசையில் 21 எழுத்து, நமக்கு 247. உயிரும் மெய்யும் ஆய்தமும் சேர்ந்த 31ஐ மட்டும் அடித்தளமாக எடுத்து, அதிலும் ‘ட’, ‘ப’, ‘ம’ போன்ற நேர்கோடு மிகுந்த எழுத்துகளில் தொடங்கினால் படம், மடம் என்று சொல் உடனே பிறக்கும். ‘அ’வில் தொடங்கினால் மூன்று வயது விரலுக்கு அந்தச் சுழி பெரும்பாடு. இந்தக் கரைப் பிள்ளைக்கு இன்னுமொரு சங்கதி உண்டு: ஓதப்போகும் இடத்தில் அரபு எழுத்து வலமிருந்து இடம் ஓடும், தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலம். ஒரு பொருளையும் அதன் கண்ணாடி உருவையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வது மூளையின் பிறவிக் குணம் என்கிறார் பிரெஞ்சு அறிவியலாளர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன். ஆங்கிலத்தில் ‘பி’யும் ‘டி’யும் பிள்ளைகளுக்குக் குழம்புவது அதனால்தான். எந்தப் பக்கம் தொடங்கி எந்தப் பக்கம் போவது என்பதைக் கண்ணைவிட விரல் நன்றாக ஞாபகம் வைத்திருக்கும்.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா? அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில், குலுக்கலில் மொண்டிசோரிப் பாடசாலையில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் லிலார்ட் குழு மூன்று ஆண்டு பின்தொடர்ந்து, கண்டதை 2017இல் வெளியிட்டது. மொத்தம் 141 பிள்ளைகள். இடம் கிடைத்தவர்கள் படிப்பில் முந்தினார்கள். அவர்களுக்குள் வசதிக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் இடையிலான தூரமும் சுருங்கியது. ஆனால் அது பயிற்சி பெற்ற ஆசிரியர், முழுச் சாதனங்கள், மூன்று வயது முதல் ஆறு வயது வரை கலந்த வகுப்பு. வீட்டில் பயறு ஊற்றுவதற்கு அதே பலனை யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். குசினிப் பொருளில் நிறம், பாரம், அளவு எல்லாம் கலந்து கிடக்கும். மரியாவின் சாதனம் ஒரே ஒரு குணத்தை மட்டும் தனியாக எடுத்துக் காட்டும். இளஞ்சிவப்புக் கோபுரம் என்ற அவருடைய பத்துக் கனசதுரங்கள் ஒரே நிறம், ஒரே வடிவம். பக்கம் 1 சென்டிமீட்டரில் தொடங்கி 10 வரை போகும். பெரியதற்குள் சின்னது ஆயிரம் அடங்கும் என்பதைப் பிள்ளையின் கை பாரமாக உணரும், எண் தெரிவதற்கு முன்பே.

அந்தக் கோபுரத்தை ஊர் ஓடாவியிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். உருளைக் கட்டையையும் செய்விக்கலாம். ஆனால் துளைக்கும் உருளைக்கும் அளவு சரியாக இருக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். தளர்வாக இருந்தால் பிழையான உருளையும் உள்ளே போய்விடும், பிள்ளைக்குத் தெரியாது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கையில் சோழியோ கடலையோ ஒரு சென்டிமீட்டர்க் கட்டையோ கொடுக்கக்கூடாது, தொண்டையில் சிக்கும். தண்ணீர் வேலை நடக்கும்போது பெரியவர் ஒருவர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், வாயைத் திறக்காமல்.